பெடர் ரோடு ஏற்றம்

சனிக்கிழமை ராத்திரி அக்காவின் டீ ஷர்ட்டில் நம்பர் குத்திக் கொடுத்தது நான்தான். நாலு மூலைக்கு நாலு ஊக்கு. துணியைக் கட்டிலில் விரித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, ஊக்கின் முனை உள்பக்கம் தோலில் உரசாதபடி விரலால் தடவித் தடவிப் பார்த்துக் குத்தினேன். ஒரு சின்ன உரசல் 42 கிலோமீட்டரில் என்ன ஆகும் என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியும். என்னுடைய நம்பர் அதே கட்டிலில், கொடுத்த உறைக்குள்ளேயே கிடந்தது.

2024 ஜனவரி 21, மும்பை மாரத்தான். நானும் அக்காவும் சேர்ந்து ஓட வேண்டிய முதல் ஃபுல், அதாவது முழு 42 கிலோமீட்டர்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தாராவியில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்து. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர், வயது 51. என் அப்பாவும் அவருடைய அப்பாவும் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் ஷாப் வேலைக்கு வந்தவர்கள். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஆனால் எனக்கு இருக்கிற ஒரே தோழி என்று யாரைச் சொல்வாய் என்றால் அவரைத்தான் சொல்வேன். கொரோனாவுக்குப் பிறகு அக்காவுக்குச் சர்க்கரை எல்லையில் வந்து நின்றது. டாக்டர் நடக்கச் சொன்னார். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னைக் கூப்பிட்டார். சிவாஜி பார்க்கில் நடக்கத் தொடங்கி, ஓடத் தொடங்கி, 2023 ஜனவரியில் இருவரும் ஹாஃப், அதாவது 21 கிலோமீட்டர், முடித்தோம். அந்த நேரச் சான்றை வைத்துத்தான் ஃபுல்லுக்குப் பதிவு செய்தோம். ஃபுல்லில் சேர முன்னால் ஓடிய கணக்கு கேட்பார்கள்.

என் கால் போனது நவம்பரில். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, முன்னெலும்பின் உள் ஓரத்தில், ஒரு விரல் வைத்தால் மறைந்துவிடுகிற அளவு இடத்தில் வலி. சதை வலி பரவலாக இருக்கும். இது அப்படி இல்லை. "இங்கேதான்" என்று சுட்டிக்காட்டக்கூடிய வலி. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது. ஓடத் தொடங்கும்போது வலிக்கும், சூடு ஏறினால் மறையும், ராத்திரி படுக்கும்போது மறுபடி வரும். மறைகிறதே என்று பத்து நாள் ஓடினேன். ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்த அன்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், எலும்பில் மயிரிழை விரிசல். எலும்பு தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்கிற வேகத்தைவிட நான் அதன்மேல் ஏற்றிய பாரத்தின் வேகம் அதிகம் என்று டாக்டர் விளக்கினார். கணக்கு சரிதான்: வாரத்துக்கு 38 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் ஒரே மாதத்தில் 60-க்குப் போயிருந்தேன். வைட்டமின் டியும் குறைவு. இந்த ஊரில் ஆபீஸ், ரயில், வீடு என்று நிழலிலேயே வாழ்கிறவர்களில் பாதிப்பேருக்கு அது குறைவாகத்தான் இருக்கும்.

காலை அசையாமல் பிடித்துக்கொள்கிற வாக்கிங் பூட் ஐந்து வாரம். ஓட்டம் கிடையாது. மாரத்தான் நிச்சயம் கிடையாது.

சொன்ன அன்று அக்கா தானும் ஓடவில்லை என்றார். "நீ இல்லாம நான் எங்கட்டி ஓடுதது? அடுத்த வருசம் பாப்பம்." எனக்கு அது ஒரு நிமிஷம் இனித்தது. உள்ளதை எழுதுகிறேன்: அவரும் ஓடாமல் இருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று மனசின் ஒரு ஓரம் ஆசைப்பட்டது. ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தேன். 51 வயதில் ஒருவர் பத்து மாதம் விடியற்காலை நாலரைக்கு எழுந்து சேர்த்த உடம்பு அது. அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்க அது என்ன பாங்கியில் போட்ட பணமா? காலையில் போன் பண்ணி, "அக்கா, ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்கு வாங்க. நான் கட்டாவுல உக்காந்து எண்ணுதேன்" என்றேன்.

சிவாஜி பார்க்கைச் சுற்றி உட்கார வாகாக ஒரு குட்டைச் சுவர் ஓடும். அதைத்தான் கட்டா என்பார்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பூட் போட்ட காலைக் கட்டாமேல் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இரண்டு பாட்டில், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் உப்பும் சர்க்கரையும் கரைத்தது. மடியில் புளியங்கொட்டை. அக்கா ஒரு சுற்று முடித்துக் கடக்கும்போது ஒரு கொட்டையை இடது கையிலிருந்து டப்பாவில் போடுவேன். வாட்ச் எண்ணும்தான். ஆனால் "டக்" என்று கொட்டை விழுகிற சத்தம் கேட்க வேண்டும் என்று அக்காவே கேட்டார். டிசம்பர் 31, பூட் கழற்றி மூன்றாம் நாள், கடைசி நீள ஓட்டம். 25 கொட்டை. வீட்டிலிருந்து ஓடி வந்ததையும் சேர்த்து 32 கிலோமீட்டர்.

முதல் ஃபுல்லுக்குப் பயிற்சி எடுக்கிறவர்களை அதற்கு மேல் பெரும்பாலும் ஓடவிடுவதில்லை. உடம்பு தேற நாளாகும், காயம் வரும். அதனால் 32-க்குப் பிறகு இருக்கிற பத்துச் சொச்சம் கிலோமீட்டர் போட்டியன்றுதான் முதன்முதலாகத் தெரியவரும். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்து தீர்ந்துபோகிற இடமும் ஏறக்குறைய அதுதான். மும்பையில் பாதை போட்டிருக்கும் விதத்தில், அந்த இடத்தில்தான் பெடர் ரோடு ஏற்றமும் வருகிறது. 35-வது கிலோமீட்டர் வாக்கில். ஊரில் ஓடுகிற எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். பெரிய மலை ஒன்றும் இல்லை. போகும்போது இருட்டில் அதே சாலையைக் கடந்து போகிறவர்களுக்கு நினைவில்கூட நிற்காது. திரும்பி வரும்போதுதான் அது மலை.

நான் நிற்க வேண்டிய இடம் அது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நடுவில் ஒரு விஷயம். என் நம்பரை வீணாக்காமல் வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி மூன்று பேர் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். வேறு ஆளுக்கு மாற்றக்கூடாது என்பது விதி. அதற்குக் காரணமும் இருக்கிறது. நம்பருக்குப் பின்பக்கம் ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதியிருக்கும். என் நம்பரைக் கட்டிக்கொண்டு ஒருவன் ரோட்டில் விழுந்தால் போன் எங்கள் அம்மாவுக்கு வரும். ஏதோ கஞ்சத்தனம் என்று நினைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிசியோதெரபிஸ்ட் எனக்குக் கொடுத்த அனுமதி, ஒரு தடவைக்கு அரைமணி நேர நடை. பிறகு உட்கார வேண்டும். தூரமாகப் போனால் ஊன்றுகோல். அன்றைய நாள் முழுவதையும் அந்த அரைமணி அரைமணியாகத்தான் திட்டம் போட்டேன். பையில் உப்பு தடவிய ஆரஞ்சுச் சுளை ஒரு டப்பா, ஓ.ஆர்.எஸ். கரைத்த பாட்டில், வாசலைன், இரண்டு ஊக்கு, ஒரு ஜோடி சாக்ஸ், அக்காவின் பழைய காட்டன் துண்டு.

அக்காவும் ஓடுகிற பையன்கள் சிலரும் மூன்று மணிக்கே வண்டி பிடித்து, ஓட்டம் தொடங்குகிற சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். ஐந்து மணி வாக்கில் ஃபுல் கிளம்பும். நான் எட்டு மணிக்குத்தான், ஓடுகிறவர்கள் திரும்பி வருகிற வழியில் இருக்கிற மாஹிம் போனேன், தம்பி பைக்கில் கொண்டுவிட்டான். செயின்ட் மைக்கேல் சர்ச் பக்கம் அக்காவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதினைந்து பேர் ஏற்கனவே எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக நிற்கிறார்கள். யாரும் சொல்லி வரவில்லை. ஒரு பிள்ளை சார்ட் பேப்பரில் "எங்க கணக்கு டீச்சர்" என்று எழுதி, அதற்குக் கீழே 42.195 என்று போட்டிருந்தாள். தசமத்தை விடாமல்.

எட்டே காலுக்கு அக்கா வந்தார். காஸ்வே ரோடு இறங்கி வரும்போதே அந்த நடையழகை வைத்துக் கண்டுபிடித்தேன், வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிள்ளைகள் தட்டை உடைத்துவிடுகிற மாதிரி அடித்தார்கள். அக்கா சிரித்த சிரிப்பு! நிற்காமல் என் பக்கம் சாய்ந்து, "பாலத்துமேல சூரியன் வந்துச்சுட்டி" என்றார், அவ்வளவுதான், போய்விட்டார்.

பாந்த்ரா-வொர்லி ஸீ லிங்க்கைச் சொல்கிறார். 2009-ல் திறந்த பாலம், ஐந்தரைக் கிலோமீட்டருக்கு மேல் கடலில் நிற்கிறது. கார், பஸ் போகலாம். நடக்கக்கூடாது, பைக் கூடாது. தாராவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற அந்தப் பாலத்தில் எங்களில் பெரும்பாலோர் கால் வைத்தது கிடையாது. இந்த மாதிரி ஒரு காலையில்தான் அதன்மேல் சொந்தக் காலில் போகலாம். நானும் அந்தச் சூரியனைப் பார்க்க வேண்டியவள். அக்கா கடந்து போன பிறகு சர்ச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஒரு பிள்ளை பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டியது.

மாஹிம் ஸ்டேஷன் படிக்கட்டை இத்தனை வருஷமாக ஏறி இறங்கியிருக்கிறேன், எண்ணியதில்லை. ஊன்றுகோலோடு ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பிசியோ சொல்லித்தந்தது. ஸ்லோ வண்டியில் மாட்டுங்கா ரோடு, தாதர், பிரபாதேவி, லோயர் பரேல், மஹாலக்ஷ்மி. லேடீஸ் பெட்டியில் மீன்கூடையோடு வந்த அம்மா ஒருவர் கால் நீட்ட இடம் விட்டுத் தந்தார். மஹாலக்ஷ்மியிலிருந்து டாக்ஸி, ரேஸ் கோர்ஸ் சுவரை ஒட்டிப் போய், ஹாஜி அலிக்கு முன்னால் போலீஸ் தடுப்பில் இறக்கிவிட்டார். அங்கிருந்து நடை. பதினெட்டு நிமிஷம். பெடர் ரோடு ஏறத் தொடங்குகிற இடத்தில், பிளாட்பாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடம் பிடித்தேன்.

அங்கே நின்றால்தான் மாரத்தான் என்றால் என்ன என்று தெரிகிறது. முதலில் வந்த எத்தியோப்பியாவின் ஹைலே லெமி 2 மணி 8 நிமிடத்துக்குள் முடித்துவிட்டதாகப் பக்கத்தில் நின்றவர் போனில் பார்த்துச் சொன்னார். என் எதிரில் போய்க்கொண்டிருந்தவர்கள் ஐந்தாம் மணி நேரத்துக்காரர்கள். தலையில் துண்டு போட்ட தாத்தா. தொடையைக் கையால் அறைந்துகொண்டே நடக்கிற பையன். இரண்டு பெண்கள் கை கோத்து, பேசாமல். கட்டடங்களிலிருந்து ஜனங்கள் இறங்கி வந்து பிஸ்கட், வாழைப்பழம், கடலை மிட்டாய் என்று தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. காற்றில் ஈரம், துடைக்கத் துடைக்க வியர்வை காயவில்லை.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்! வந்துட்டீங்க!" என்று பலர் கத்தினார்கள். நல்ல மனசோடுதான். ஆனால் 35-வது கிலோமீட்டரில் அதைச் சொல்லக்கூடாது. ஏழு கிலோமீட்டர் மீதி இருக்கிறது. பொய் என்று ஓடுகிறவருக்குத் தெரியும், தெரிந்ததும் உள்ளே என்னவோ சரிந்துவிடும். ஹாஃபில் எனக்கு அது நடந்திருக்கிறது.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு அக்கா வந்தார். ஓடவில்லை, நடந்து வந்தார். முகத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, புருவத்தில், காதோரத்தில், விபூதி பூசிய மாதிரி. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"முடியலட்டி. கெண்டை பிடிக்குது. வயிறு கொமட்டுது."

"அக்கா, 42.2-ல 35 போனா எவ்வளவு?"

கணக்கு டீச்சர் என் முகத்தையே பார்த்தார். பதில் வரவில்லை. எனக்கு முதுகு சில்லிட்டது. களைப்பு வேறு, குழப்பம் வேறு. வெயில் தலைக்கேறினாலும் குழப்பம் வரும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனாலும் வரும். அதில் விரல்கள் வீங்கும் என்று படித்திருக்கிறேன். அக்காவின் கையைப் பிடித்து மோதிரத்தைத் திருகிப் பார்த்தேன். லேசாகச் சுற்றியது. நேற்று எவ்வளவு தளர்ச்சியோ அதே தளர்ச்சி. தோலில் நல்ல வியர்வை இருந்தது. நூறடி தள்ளி மருத்துவ உதவி மேசை இருக்கிறதை வரும்போதே பார்த்து வைத்திருந்தேன். அந்தப் பக்கம் திரும்பிய நேரம்,

"ஏழு புள்ளி ரெண்டு," என்றார் அக்கா. "ஏட்டி, இதக் கேக்கவா இங்க வந்து நிக்குதே?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு சுளை தின்றார். உப்பு பட்டதும் கண் மூடினார். ஓ.ஆர்.எஸ். மடக்கு மடக்காக. துண்டால் முகத்தைத் துடைத்தேன், துண்டில் உப்பு மணல் மாதிரி நெறுநெறுத்தது.

"நான் ஏத்தத்துல ஓட மாட்டேன்."

"ஓட வேண்டாம். நடங்க. ஜஸ்லோக் ஆஸ்பத்திரி வரைக்கும் நானும் வாரேன்."

அவர் ரோட்டோரம், நான் பிளாட்பாரத்தில், நடுவில் கம்பி. அவர் கால் பிடித்துப் பிடித்து வைக்கிறார், நான் ஊன்றுகோல் ஊன்றி ஊன்றி வைக்கிறேன். பத்து அடி போனதும்தான் கவனித்தேன். இருவர் வேகமும் ஒன்று. நவம்பருக்குப் பிறகு, நான் கட்டாவில் உட்கார்ந்து அவர் சுற்றி ஓடிய அத்தனை ஞாயிறுகளுக்குப் பிறகு, பக்கத்தில் பக்கத்தில் ஒரே வேகத்தில் போனது அன்றுதான். அக்காவும் கவனித்திருக்க வேண்டும். ஒன்றும் பேசவில்லை. என் ஊன்றுகோல் சிமெண்டில் விழுகிற "டக்"குக்கு அவர் கால் எடுத்து வைத்தார்.

அப்படியே ஏறினோம். எத்தனை நிமிஷம் என்று வாட்சைப் பார்க்கவில்லை. என் அரைமணி எப்போதோ தீர்ந்திருந்தது, எலும்புக்குள் மெல்ல ஒரு துடிப்பு. ஜஸ்லோக் வந்தது. அதற்கு மேல் கெம்ப்ஸ் கார்னர் தாண்டினால் சௌபாட்டிக்கு இறக்கம், பிறகு மரீன் டிரைவ், தட்டை.

"இங்கிருந்து ஆறு. நம்ம பார்க்குல அஞ்சு சுத்துக்குக் கொஞ்சம் கூட," என்றேன். பையிலிருந்து எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

அக்கா தலையாட்டினார். பத்தடி நடந்தார். பிறகு அந்த வலது தோள் லேசாக இறங்கியது, ஓடத் தொடங்கிவிட்டார். சௌபாட்டி இறக்கம் வரை காத்திருக்கவில்லை.

முடிவுக் கோட்டை நான் பார்க்கவில்லை. பின்பக்கச் சந்தில் டாக்ஸி கிடைக்க இருபது நிமிஷம், கிராண்ட் ரோட்டில் வண்டி, சர்ச்கேட்டில் இறங்கி ஓவல் மைதானத்துக்கு வெளியே இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்ததில் நேரம் போய்விட்டது. போனில்தான் பார்த்தேன்: 6 மணி 17 நிமிடம். பார்த்தபோது ஒரு கரும்பு ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரரிடம் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, ஒரு கிளாஸுக்குக் காசு வாங்கவில்லை.

ஆசாத் மைதானத்து வாசலில் அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், கழுத்தில் மெடல். ஷூ கழற்ற முடியவில்லை, குனிந்தால் தொடை பிடிக்கிறது. நான் நாடாவை அவிழ்த்தேன். இரண்டு நகம் கறுத்திருந்தது. சாக்ஸ் மாற்றிவிட்டேன். இருவரும் எதுவும் பேசவில்லை, பேச என்ன இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "மரீன் டிரைவ் முச்சூடும் அந்த டக் டக் கேட்டுக்கிட்டே வந்துச்சுட்டி" என்றார்.

எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தோம். சி.எஸ்.எம்.டி. சுரங்கப்பாதைப் படிக்கட்டு வந்ததும் அக்கா நின்றுவிட்டார். மாரத்தான் ஓடிய காலுக்கு ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் கஷ்டம். ஊன்றுகோலை அவர் கையில் கொடுத்தேன். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தக் கால் மொதல்ல?"

"வலிக்குத கால்."

"ரெண்டும்லா வலிக்குது."

பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி இறங்கினார்கள். அக்கா ஒவ்வொரு படியையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினார், நானும் கூடவே எண்ணினேன்.